ஏற்காட்டில் ஐந்து சென்ட்

2024 டிசம்பரின் முதல் இரண்டு நாட்கள். கரையைக் கடந்து வலுவிழந்த ஃபெஞ்சல் புயல் வட தமிழகத்தின் உள்மாவட்டங்களில் கொட்டித் தீர்த்தது. ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. மழை. ஏற்காட்டில் 20 செ.மீ.க்கு மேல். சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளோடு ஏறும் மலைப்பாதையில் மண்ணும் பாறையும் சரிந்து போக்குவரத்து நின்றது. மாற்றுவழியான குப்பனூர்ச் சாலையும் தப்பவில்லை. அதே மழையில் திருவண்ணாமலை மலையடிவாரத்தில் ஒரு வீட்டின் மேல் பாறையும் சேறும் விழுந்து ஏழு பேர் இறந்தார்கள். அவர்களில் ஐந்து பேர் குழந்தைகள்.

ஏற்காட்டுச் சாலைகளைப் பிறகு சரிசெய்தார்கள். நில விளம்பரங்கள் நிற்கவேயில்லை. ‘லேக் வியூ’, ‘வேலி வியூ’, காபித் தோட்டத்துக்கு நடுவே ஐந்து சென்ட், வாசல்வரை தார்ச்சாலை, வார இறுதிக்கு வந்து தங்கலாம், மற்ற நாட்களில் ஹோம்ஸ்டேவாக விட்டுச் சம்பாதிக்கலாம். முன்பணம் கொடுக்க யோசித்துக்கொண்டிருப்பவருக்காகவே இந்தக் கட்டுரை.

அந்த விளம்பரம் விற்பது மண்ணை மட்டும் அல்ல, ஒரு பழைய வாழ்க்கையின் சாயலையும் சேர்த்து விற்கிறது. அந்த வாழ்க்கை எப்படி வந்தது என்று தெரிந்துகொண்டால்தான் அது ஐந்து சென்ட்டில் ஏன் அடங்காது என்பது புரியும்.

1820களில் சேலம் கலெக்டராக இருந்தவர் எம்.டி. காக்பர்ன். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் காபிப் பயிரைக் கொண்டுவந்தவர் என்று அவரைத்தான் சொல்கிறார்கள். அவர் காலத்துக் கிரேஞ்ச் எஸ்டேட்தான் ஏற்காட்டின் பழைய வெள்ளைக்காரக் குடியிருப்பு. பின்னால் வந்த தோட்டக்காரர்களும் நூறு, இருநூறு ஏக்கர் என்றே நிலம் பிடித்தார்கள். 1853-இல் ஹோலி டிரினிட்டி தேவாலயம், 1894-இல் சேக்ரட் ஹார்ட் கான்வென்ட், 1917-இல் மான்ட்ஃபோர்ட் பள்ளி. சசி தரூரும் நடிகர் விக்ரமும் படித்தது அந்தப் பள்ளியில்தான். வசதியுள்ளவர்கள் பிள்ளையை விடுதியில் சேர்க்கவும், கோடையைக் கழிக்கவும், ஓய்வுக்காலத்தில் வந்து குடியிருக்கவும் ஏற்ற ஊர் என்ற பெயர் அப்படித்தான் சேர்ந்தது. ‘ஏழைகளின் ஊட்டி’ என்று இன்னொரு பெயரும் உண்டு. ஏரிக்கரையில் நிலத்தின் விலையைக் கேட்டவர்கள் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை.

இதற்கெல்லாம் முன்பிருந்தே அங்கே இருப்பவர்கள் மலையாளிப் பழங்குடியினர். சேர்வராயன் கோயில் அவர்களுடைய தெய்வத்தின் இடம். மே மாதத்தில் அங்கே திருவிழா. நில விளம்பரத்தில் இவர்கள் வருவதில்லை. வந்தாலும் ‘அமைதியான கிராமச் சூழல்’ என்ற மூன்று சொற்களுக்குள் மறைந்துவிடுவார்கள்.

பழைய ஏற்காட்டின் அழகுக்கு ஒரு கணக்கு இருந்தது: ஒரு தோட்டத்துக்கு ஒரு பங்களா. அதுவும் மலை முதுகில் இயல்பாகச் சமமாக இருந்த இடம் பார்த்து, ஓட்டுக்கூரை போட்டு, தாழ்வாக. கூடவே தொழிலாளிகளுக்கு நெருக்கியடித்த லயன் வீடுகள். அந்த அநீதியை மறைக்கத் தேவையில்லை. மீதி நிலம் முழுக்கக் காபிச் செடி, மேலே சில்வர் ஓக், பலா, அத்தி நிழல், மரத்தில் ஏறிய மிளகுக்கொடி. அந்த நிழலுக்கடியில் சருகு மண்டிய மண் மழையை உள்ளே வாங்கிக்கொண்டது. பங்களா வராந்தாவில் நின்று துரைமார் ரசித்த அமைதி, சுற்றிலும் வேறு வீடு இல்லாததால் வந்த அமைதி.

தோட்டங்கள் இவ்வளவு காலம் உடையாமல் இருந்ததற்குச் சட்டமும் ஒரு காரணம். 1961-இல் வந்த தமிழ்நாடு நில உச்சவரம்புச் சட்டம் சமவெளிப் பண்ணைகளுக்கு வரம்பு வைத்தது. தேயிலை, காபி, ரப்பர், ஏலக்காய்த் தோட்டங்களுக்கு விலக்குக் கொடுத்தது. தோட்டமாக இருப்பதால் கொடுத்த விலக்கு அது. அப்படிப்பட்ட நிலத்தை மனையாக்கி விற்கும்போது அந்த விலக்கு என்ன ஆகும் என்று விற்பவரிடம் கேட்டுப் பாருங்கள். பதில் வேகமாக வந்தால் இன்னும் கவனமாக இருங்கள்.

நிழலைக் காத்தது சட்டம் மட்டும் அல்ல, காபி விலையும்தான். 1989-இல் உலகக் காபி ஒப்பந்தத்தின் ஒதுக்கீட்டு முறை சரிந்து விலை விழுந்தது. இந்தியாவில் காபி வாரியமே கொள்முதல் செய்து விற்ற ஏற்பாடு 1996-இல் முற்றாக முடிந்தது. 2000களின் தொடக்கத்தில் விலை மறுபடியும் படுத்தது. தண்டு துளைப்பான் பூச்சி ஒருபக்கம், கூலி ஆள் கிடைக்காதது மறுபக்கம். காபி பறித்து ஆண்டுக்கணக்கில் ஈட்டுவதை ஒரு பத்திரப் பதிவில் ஈட்டலாம் என்றால், பேரன் தலைமுறை எதைத் தேர்ந்தெடுக்கும் என்பதில் ஆச்சரியம் இல்லை. தோட்டக்காரர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்த விற்பனை இயற்கையோடு இசைந்த வாழ்க்கையாக விளம்பரத்தில் வருவதைத்தான் சகிக்க முடியவில்லை.

நூறு ஏக்கர் என்பது 10,000 சென்ட். சாலைக்கும் பொது இடத்துக்கும் நூற்றுக்கு நாற்பது விட்டாலும், ஐந்து சென்ட் வீதம் 1,200 மனைகள். வீட்டுக்கு நான்கு பேர், ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்ற வழக்கமான நகரக் கணக்கில், எல்லா வீடும் நிரம்பியிருக்கும் ஒரு நாளுக்கு 6,48,000 லிட்டர் தண்ணீர் வேண்டும். 12,000 லிட்டர் லாரியில் 54 நடை. அதில் ஐந்தில் நான்கு பங்கு கழிவுநீராகத் திரும்பும். முன்பு அங்கே இருந்தது ஒரு பங்களாவும் ஒரு வரிசை லயன் வீடுகளும்.

பெருந்தோட்டம் துண்டாவது உலகில் புதிதல்ல. சிட்னித் துறைமுகக் கரையில் 1826-இல் அலெக்சாண்டர் மக்லே என்ற காலனி அதிகாரிக்கு 54 ஏக்கர் கிடைத்தது. கிட்டத்தட்ட நம் காக்பர்ன் காலம்தான். அங்கே தோட்டம் போட்டார், எலிசபெத் பே ஹவுஸ் என்ற மாளிகையைக் கட்டினார், கடனில் மூழ்கினார். 1840களிலிருந்து நிலம் மனைகளாகப் பிரிந்தது. இன்று அந்தப் பகுதி அடுக்குமாடிகளால் நெருக்கமாக நிரம்பியிருக்கிறது, இன்னமும் பணக்காரப் பகுதிதான். மாளிகை அருங்காட்சியகம் ஆகிவிட்டது. ‘அங்கே முடிந்தது, இங்கே ஏன் முடியாது?’ என்று கேட்கலாம். அங்கே காலடியில் மணற்பாறை இருந்தது. 1880களின் இறுதிக்குள் போண்டிக் கடற்கரைவரை பெரிய கழிவுநீர்க் கால்வாய் கட்டி முடித்துவிட்டார்கள். ஏற்காடோ நெடுங்காலம் ஊராட்சி நிர்வாகத்தில் கிடந்த ஊர். வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க்தான். தொட்டியின் அடியில் பூச்சு இல்லாவிட்டால் அது வெறும் குழி.

அந்தக் குழிகளின் நீர் எங்கே போகும்? ஏரி இருப்பது பள்ளத்தில், விடுதிகளும் கடைகளும் வீடுகளும் அதைச் சுற்றி மேட்டில். ஏரியின் உபரிநீர்தான் கிளியூர் அருவியாக விழுகிறது. அருவியில் குளிக்கப் போகிறவர்கள் போகும் வழியில் ஏரிக்கரையில் சற்று நின்று யோசிக்கலாம். விஷயம் அருவியோடும் முடியவில்லை. சேலம் நகருக்குள் ஓடும் திருமணிமுத்தாறும், ஓமலூர்ப் பக்கம் போகும் சரபங்காவும், பாப்பிரெட்டிப்பட்டியில் அணை கட்டிய வாணியாறும் இந்த மலையில்தான் பிறக்கின்றன. கன்னங்குறிச்சி மூக்கனேரிக்கும் சேர்வராயன் சரிவுகளின் நீரே வரத்து. மேலே மனை வாங்கும் சேலத்துக்காரர் கீழே உள்ள தன் வீட்டுத் தண்ணீரின் தலைமாட்டில்தான் இடம் பிடிக்கிறார்.

இனி மண். மலையின் உடல் சார்னகைட் என்ற கெட்டிப்பாறை. அதன்மேல் நீண்டகாலம் மழையில் ஊறி மக்கிய செம்மண். உச்சிகளில் பாக்சைட் படிவு. பாறையில் நீர் நிற்காது, வெடிப்புகளிலும் மேல்மண்ணிலும்தான் நிற்கும். அதனால்தான் பழைய ஊற்றுகள். ஆழத்துக்குப் போர் போட்டு உறிஞ்சினால் ஊற்று வற்றும், பக்கத்துக் கிராமத்துக் கிணறு வற்றும், உங்கள் போரும் சில கோடைகளில் வற்றும்.

சரிவில் மனை போடுவது இப்படி நடக்கிறது. பொக்லைன் மேட்டுப்பக்கத்தை வெட்டும். வெட்டிய மண்ணைப் பள்ளத்துப்பக்கம் தள்ளிச் சமப்படுத்துவார்கள். இப்போது மனையின் பாதி வெட்டிய தரை, பாதி கொட்டிய தரை. மேலே உள்ள சரிவுக்குக் கால் போய்விட்டது; கீழே உள்ள மண்ணுக்கு ஒட்டும் பிடிப்பும் இல்லை. நடுவே ஓடிய சிற்றோடையை மூடிச் சாலை போட்டிருந்தால் மழைநீர் தானாக ஒரு வழி தேடும். மண்ணுக்குள் நீர் ஏற ஏற அதன் எடை கூடும், பிடிமானம் குறையும். தடுப்புச்சுவரில் நீர் வடியும் துளைகள் இல்லையென்றால் அந்தச் சுவரே முதலில் சாயும். இதெல்லாம் முதல் ஆண்டு தெரியாது, மூன்றாம் ஆண்டும் தெரியாமல் போகலாம். ஏற்காட்டில் ஆண்டு மழை சுமார் 150 செ.மீ.; ஃபெஞ்சலின்போது அதில் எட்டில் ஒரு பங்குக்குமேல் ஒரே நாளில் வந்தது. அப்படி ஒரு நாள் வரும்போதுதான் தெரியும். 2009 நவம்பரில் நீலகிரியில் நிலச்சரிவுகள் 40-க்கும் மேற்பட்டோரைக் கொன்றன. 2024 ஜூலை 30 அன்று வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலைப் பக்கம் 200-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஏற்காட்டின் பாறையும் மழையும் வயநாட்டைப் போன்றவை அல்ல, ஆகவே அதே அளவு நடக்கும் என்று நான் சொல்லவில்லை. சாலை அறுவது, சுவர் சாய்வது, வீடு விரிசல் விடுவது போதாதா?

இந்த மலையில் பாக்சைட்டும் தோண்டினார்கள். மேட்டூரில் இருந்த மெட்ராஸ் அலுமினியம் கம்பெனிக்காக. சுரங்கம் என்றால் சேலத்தில் எதிர்ப்புக் குரல் எழும்பும். வில்லா மனைக்காக அதே பொக்லைன் அதே மண்ணை வெட்டினால் திறப்பு விழாவுக்குப் பிரமுகர்கள் வருகிறார்கள்.

விதிகள் இல்லாமல் இல்லை. 1990-இலேயே மலைப்பகுதிக் கட்டுமானங்களைப் பார்க்க மலையிடப் பாதுகாப்புக் குழுமம், அதாவது ‘ஹேகா’, வந்துவிட்டது. மலை ஊர்களுக்கென்று 1993-இல் வந்த கட்டட விதிகள் உயரத்தை 7 மீட்டருக்குள் நிறுத்தின. ஆனால் சாலையிலிருந்து பார்த்தால் ஒரு மாடி, பள்ளத்திலிருந்து பார்த்தால் மூன்று மாடி என்ற கட்டடங்களைத் தமிழ்நாட்டின் எந்த மலையூரிலும் பார்க்கலாம். கொடைக்கானலில் ஒரு ஹோட்டல் இரண்டு தளத்துக்கு அனுமதி வாங்கி ஏழு கட்டியது. பழனி மலைப் பாதுகாப்புக் கவுன்சில் வழக்குப் போட்டு, 1995-இல் உச்ச நீதிமன்றம்வரை போக வேண்டியிருந்தது. ஒரு கட்டடத்துக்கே அவ்வளவு காலம்.

நெருக்கடி இன்னும் கூடத்தான் போகிறது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ். 2025 கோடையில் வாகன எண்ணிக்கைக்கும் வரம்பு வந்தது: நீலகிரிக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000, கொடைக்கானலுக்கு 4,000, 6,000. அங்கே இடம் கிடைக்காத கார் வீட்டுக்குத் திரும்பாது, வேறு மலை தேடும். சென்னை, பெங்களூரு இரண்டிலிருந்தும் ஒரே நாளில் வந்துசேரக்கூடிய மலை ஏற்காடு.

இத்தனைக்குப் பிறகும் வாங்கத்தான் போகிறேன் என்பவர் பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்றோடு நின்றுவிட வேண்டாம். அங்கீகாரம் இல்லாத மனைகளின் பதிவுக்கு 2016 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் தடை போட்ட பிறகு, ‘பதிவு ஆகும், அப்புறம் பார்த்துக்கலாம்’ என்ற பேச்சுக்கு அர்த்தம் இல்லை. ஹேகா ஒப்புதல் எந்த சர்வே எண்ணுக்கு வாங்கப்பட்டது என்று பாருங்கள். பக்கத்து எண்ணுக்கு வாங்கியதைக் காட்டுகிறவர்கள் இருக்கலாம். புலப்படத்தில் ஓடை ஓடுகிறதா, அது தரையில் எங்கே என்று நடந்து பாருங்கள். பழங்குடியினருக்கு அரசு கொடுத்த நிபந்தனைப் பட்டா நிலமா என்று தாலுகா அலுவலகத்தில் கேளுங்கள். ஏப்ரலில் குளிருக்காகப் போகாதீர்கள். நவம்பரில் மழை பெய்யும்போது குடையோடு போங்கள்.

காப்பீடு எடுத்துக்கொள்ளலாமே என்று நினைப்பவருக்கு ஒரு தகவல். வீடுகளுக்கென்று 2021 ஏப்ரல் முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் விற்க வேண்டிய ‘பாரத் கிருஹ ரக்ஷா’ பாலிசியில் நிலச்சரிவுக்கும் இழப்பீடு உண்டு. அதே பிரிவில் விலக்குகளும் உண்டு: கொட்டி நிரப்பிய தரை அமிழ்வது, வடிவமைப்புக் கோளாறு, கட்டுமானத்துக்காகத் தோண்டியதால் வரும் சேதம்.