தினப் பயணத்திற்குப் பிக்கப் வண்டி ஏற்றதா?

2001இல் கோலார் தங்கவயலின் சுரங்கங்கள் மூடப்பட்டபின், கோரமண்டல்வாசிகள் பலருக்குப் பெங்களூரு இரயிலே பிழைப்புக்கு வழியாயிற்று. அத்தகைய குடும்பமொன்று வசதியான பிக்கப் வண்டி வாங்க எண்ணினால், மூன்றைக் கருதுதல் நலம்.

முதலாவது, இடம். டொயோட்டா ஹைலக்ஸின் நீளம் 5,325 மில்லிமீட்டர். 4 மீட்டருக்குட்பட்ட சிறு காரைவிட 1.3 மீட்டருக்கும் மேல் அதிகம். லைன் வீடுகளின் குறுகிய தெருவில் அது திரும்புமா, நிற்குமா என முன்னரே அளந்து பாருங்கள்.

இரண்டாவது, சொகுசு. அதன் பின்புறப் பட்டைவில்கள் சுமைக்கென அமைந்தவை. சுமையின்றி ஓடுகையில் மேடுபள்ளங்களில் குலுக்கும். சோதனை ஓட்டத்தில் வீட்டுப் பெரியவர்களைப் பின்னிருக்கையில் அமர்த்திப் பாருங்கள்.

மூன்றாவது, கடன். எடுத்துக்காட்டாக, 9 விழுக்காடு வட்டியில் 10 இலட்சம் ரூபாய்க்கு ஐந்தாண்டுத் தவணை மாதம் ஏறத்தாழ 20,760 ரூபாய், ஏழாண்டெனில் 16,090. தவணை குறைந்தாலும், மொத்த வட்டி ஒரு இலட்சத்துக்கும் மேல் கூடுகிறது.

வாரந்தோறும் சுமை ஏற்றும் தொழிலுடையோர்க்கு இவ்வண்டி பொருந்தும். ஆண்டுக்கு இருமுறை மட்டுமே சுமையெனில், சிறு காரும் அன்றைக்கு ஒரு வாடகை வண்டியுமே சிக்கனம் என்பது நம் கருத்து.