கொழுப்பு உறிஞ்சும் சத்திரசிகிச்சை: நோயாளர் அறிய வேண்டுவன

மருந்து என்னும் அதிகாரத்திலே திருவள்ளுவனார் வைத்தியம் நான்கு கூறுகளை உடையதென வகுத்துள்ளார். நோயுற்றவன், அதனைத் தீர்க்கும் வைத்தியன், மருந்து, அருகிருந்து துணைசெய்வோன் என்பன அவை. இந்நான்கினுள் ஒன்று குறையினும் சிகிச்சை முழுமை பெறாது. இன்று இளைஞர் சிலர் எவருக்கும் சொல்லாது தனியே சென்று செய்துகொள்ள விரும்பும் ஒரு சத்திரசிகிச்சையை இந்த அளவுகோலால் அளந்து பார்ப்பதே எமது நோக்கம். தோலின் கீழுள்ள கொழுப்பைக் குழாய் வழியாக உறிஞ்சி எடுக்கும் அச்சிகிச்சை ‘லைப்போசக்சன்’ எனப் பெயர் பெறும்.

கல்லூரி விழா மலருக்கு இப்பொருள் ஏற்குமோ என ஐயுறுவோர் இருத்தல் கூடும். கூடையைத் தலையில் மாட்டி, செங்குத்தான மலைகளில் நாள் முழுதும் கொழுந்து பறித்த எம் அன்னையர் உடலை மெலிவிக்க வழி தேடியதில்லை. அவர்தம் பிள்ளைகளோ லிந்துலையிலிருந்தும் தலவாக்கலையிலிருந்தும் கொழும்புக்குச் சென்று, கடைகளிலும் காரியாலயங்களிலும் இருந்த இடத்திலேயே தொழில் புரிகின்றனர். இடை பருக்கின்றது, கைத்தொலைபேசியிலே வரும் விளம்பரமோ ஒரே நாளில் மெலியலாம் என அழைக்கின்றது. சேமித்த பணத்தையும் நகையை அடகு வைத்த பணத்தையும் கொண்டு அவ்வாயிலை நாடுமுன் அறிய வேண்டியவற்றை எடுத்துரைப்பது எமது கடனென எண்ணுகின்றோம்.

சிகிச்சையின் இயல்பை முதலில் நோக்குவோம். உப்புநீருடன் லிக்னோகேயின் என்னும் மரப்பு மருந்தும், குருதிக் குழாய்களைச் சுருக்கும் அட்ரினலினும் கலந்த திரவத்தைத் தோலின் கீழே செலுத்துவர். பின்னர் சிறு துளையொன்றின் வழியே முனை மழுங்கிய மெல்லிய குழாயை உட்புகுத்தி, முன்னும் பின்னும் அசைத்துக் கொழுப்பை உறிஞ்சி எடுப்பர். 1920களில் பாரிசு நகரில் நடனமாது ஒருத்தியின் காலில் கொழுப்பைச் சுரண்டி எடுக்க முயன்றபோது குருதிக் குழாய் சேதமுற்று, முடிவில் அக்காலையே துண்டிக்க நேர்ந்தது. அதன்பின் நெடுங்காலம் இம்முயற்சி தளர்ந்திருந்தது. 1970களில் உரோமாபுரியில் பிஷர் என்னும் தந்தையும் மகனும், பாரிசில் இல்லூஸ் என்பவரும் இதனைப் புதுக்கினர். 1987இல் அமெரிக்க வைத்தியர் ஜெப்ரி கிளைன், மேற்கூறிய திரவ முறையை வெளியிட்ட பின்னரே குருதி இழப்புப் பெரிதும் குறைந்தது.

இனி, இச்சிகிச்சை எதனைச் செய்யாது என்பதைத் தெளிதல் வேண்டும். உடலிற் கொழுப்பு இருவகையாக அமைந்துள்ளது. ஒன்று தோலின் கீழே, விரலாற் பற்றக்கூடியது. மற்றொன்று வயிற்றறையினுள்ளே குடலையும் ஈரலையும் சூழ்ந்திருப்பது. நீரிழிவையும் இருதய நோயையும் பெரிதும் வளர்ப்பது இரண்டாவதே. குழாய் எட்டுவதோ முதலாவதை மட்டுமே. 2004இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்விலே, பருமனுள்ள 15 பெண்களிடமிருந்து ஒவ்வொருவருக்கும் ஏறத்தாழ 10 கிலோ கொழுப்பு அகற்றப்பட்டது. சில வாரங்களின் பின் சோதித்தபோது, அவர்தம் இன்சுலின் செயற்பாடோ, குருதி அமுக்கமோ, குருதிக் கொழுப்போ சீரடைந்திருக்கவில்லை. தெற்காசியர் அதிகம் பருமனாகத் தோன்றாதபோதே இந்நோய்களுக்கு ஆளாகின்றனர். அதனாலேயே உலக சுகாதார நிறுவனம் உடற்றிணிவுச் சுட்டியில் ஆசியருக்கு 23ஐயே எச்சரிக்கை எல்லையாகக் கூறிற்று. ஆதலால், நீரிழிவு குறையுமென நம்பி இதனை நாடுவோர் ஏமாற்றமே அடைவர்.

எனினும், இச்சிகிச்சை முற்றும் பயனற்றதன்று. உணவாலும் உடற்பயிற்சியாலும் கரையாது ஓரிடத்தில் தங்கிய கொழுப்பை அகற்றவும், ஆடவர் மார்பு பருத்தலைச் சீராக்கவும், கால்களில் வலியுடன் கொழுப்புச் சேரும் லிப்பீடிமா என்னும் நோயில் துன்பத்தைத் தணிக்கவும் இது உதவும். இயல்பான நிறைக்கு அண்மையில் உள்ளவர்க்கும், தோலின் நெகிழ்ச்சி குன்றாதவர்க்குமே நற்பயன் தரும். ஏனையோர்க்குத் தோல் தொங்குதல் கூடும்.

ஆபத்தையும் அளவோடு அறிதல் நன்று. அமெரிக்க அழகியற் சத்திரசிகிச்சை நிபுணரிடையே நடத்தி 2000இல் வெளியிட்ட கணிப்பின்படி, ஏறக்குறைய 5 இலட்சம் சிகிச்சைகளில் 95 பேர் உயிர் நீத்தனர். அதாவது, ஏறத்தாழ 5,000 பேருக்கு ஒருவர். அம்மரணங்களில் கிட்டத்தட்ட நாலிலொரு பங்கு, காலில் உறைந்த குருதி நுரையீரலைச் சென்று அடைத்ததனால் விளைந்தது. பின்வந்த கணிப்புகள் இதனினும் குறைந்த விகிதத்தையே காட்டின. ஆயினும் அழகு நிலையத்துக்குச் சென்று வருவது போன்றதன்று இது. 2022 மே மாதத்திலே பெங்களூரில் கன்னடத் தொலைக்காட்சி நடிகை சேதனா ராஜ், தம் 21ஆம் வயதில், கொழுப்பகற்றும் சிகிச்சை பெற்ற அன்றே இறந்தார். தமக்கு அறிவிக்கப்படாமலே அது நடைபெற்றதென அவர்தம் பெற்றோர் கதறினர். வள்ளுவர் கூறிய நான்காம் கூறு அங்கே இல்லாது போயிற்று.

ஆகவே, அந்நான்கையும் முறையே ஆராய்வோம்.

முதலாவது, நோயாளர். நீரிழிவு, இருதய நோய், முன்னர் குருதி உறைந்த வரலாறு ஆகியவற்றையும், உட்கொள்ளும் மருந்துகள் அனைத்தையும் மறையாது கூறுதல் வேண்டும். கருத்தடை மாத்திரை குருதி உறையும் வாய்ப்பை மிகுவிக்கும். அஸ்பிரின் குருதிப்போக்கை மிகுவிக்கும். ஆயினும் எதனையும் வைத்தியரைக் கேளாமல் நிறுத்தலாகாது. புகைபிடிப்போர் சில வாரங்களுக்கு முன்பே அதனை விடல் வேண்டும்.

இரண்டாவது, வைத்தியர். அவர் இலங்கை மருத்துவச் சபையில் பதிவு பெற்றவரா, உறுப்பமைப்புச் சத்திரசிகிச்சையிற் பட்டப்பின் பயிற்சி உடையவரா என வினவுதல் அவமதிப்பாகாது. நோயாளரின் உரிமையே அது. 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின்படி தனியார் வைத்தியசாலைகள் பதிவு பெறுதல் வேண்டும். அப்பதிவையும் கேட்டறிக. மயக்க மருந்து நிபுணர் உடனிருப்பாரா, இடர் நேரின் தீவிர சிகிச்சைப் பிரிவு எங்கே உள்ளது எனவும் வினவுக.

மூன்றாவது, மருந்தும் அதன் அளவும். ஒரே தடவையில் எடுக்கப்படும் கொழுப்பும் திரவமும் 5 லீற்றரை மிகுமாயின் அது பெரிய சிகிச்சையாகவே கருதப்படும். வைத்தியசாலையிலே இரவு தங்கிக் கண்காணிக்கப்படல் வேண்டும். அட்ரினலின் கலந்த லிக்னோகேயினின் வழக்கமான உச்ச அளவு உடல் நிறையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 7 மில்லிகிராம். இத்திரவ முறையிலோ கிளைன் 35 மில்லிகிராம் வரை ஏற்புடைத்தெனக் கண்டார். மருந்து மெல்ல மெல்லவே குருதியிற் சேர்வதே காரணம். எனினும் அதன் உச்சம் சிலவேளை 12 மணி நேரத்தின் பின்னரே வரும். பகலில் நலமாயிருந்தவர்க்கு, நள்ளிரவில் உதடு மரத்தலும், காதில் இரைச்சலும், நாக்குழறலும் தோன்றின், உடனே வைத்தியசாலையை அடைதல் வேண்டும்.

நான்காவது, துணைவர். எம் மலைநாட்டவர் சிந்திக்க வேண்டிய பகுதி இதுவே. கொழும்பிற் சிகிச்சை பெற்றவர், அவிசாவளை, கினிகத்தேனை, அட்டன் வழியாக வளைந்து வளைந்து வரும் பஸ்ஸிலே ஐந்தாறு மணி நேரம் காலை மடக்கி அமர்ந்து வருவாராயின், காலிற் குருதி உறையும் அபாயத்தைத் தாமே தேடிக்கொண்டவராவார். வைத்தியர் விடை தரும்வரை கொழும்பிலேயே உறவினர் வீட்டிற் தங்குதல் தகும். பயணத்தின்போது இடையிடையே இறங்கி நடத்தல் வேண்டும். லயத்து அறையிலோ விடுதியிலோ தனியே கிடத்தலாகாது. மூச்சுத் திணறல், மார்பு வலி, ஒருகால் வீங்கி நோதல், கடும் வயிற்றுவலி, காய்ச்சல், மனக்குழப்பம் ஆகியவற்றுள் ஒன்று காணினும் விடியும்வரை காத்திராது நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலை போன்ற பெரிய வைத்தியசாலைக்குக் கொண்டு செல்ல ஒருவர் அருகிருத்தல் இன்றியமையாதது.

மற்றவை சிறியன. இறுக்கமான உடையைச் சில வாரங்கள் அணிய நேரும்; கன்றலும் மரப்பும் மெல்லத் தீரும்; வீக்கம் முற்றும் வடிய மாதங்கள் செல்லும். உணவும் உழைப்பும் மாறாவிடின் கொழுப்பு வேறிடங்களிற் சேரும்.

சுவரிருந்தாலன்றோ சித்திரம் எழுதலாம் என்பது நம் முன்னோர் மொழி. செய்துகொள்வதும் தவிர்ப்பதும் அவரவர் விருப்பம். அதனைப் பழித்தல் எம் கருத்தன்று. ஆயின், வீட்டாரிடம் சொல்ல நாணும் சிகிச்சையை எவரும் செய்துகொள்ளற்க. அவ்வாறே, பிள்ளைகள் அஞ்சாது சொல்லத்தக்க பெற்றோராகவும் ஆசிரியராகவும் நாமும் இருத்தல் வேண்டும். அந்த நான்காம் கூறு நாமே.