கரன்ட் வந்துவிட்டது... கம்ப்யூட்டர் வரவில்லையே!

சாயங்கால மழை. இடி ஒன்று விழுந்ததும் தெருவே இருட்டாகிறது. அரை மணி நேரத்தில் கரன்ட் வந்து, போய், மறுபடி வருகிறது. ஃபேன் சுற்றுகிறது, ஃப்ரிட்ஜ் முனகுகிறது. ஹால் மூலையில் இருக்கும் பழைய கம்ப்யூட்டர் மட்டும், பட்டனை எத்தனை முறை அழுத்தினாலும் அசையவில்லை.

"பழசும்மா... காயலான் கடையில போட்டுடலாம்" என்கிறான் மகன்.

"டேய், உன் முதல் பிறந்த நாள் போட்டோ, தாத்தா பேசின வீடியோ எல்லாம் அதுலதான்டா இருக்கு!" பதறுகிறார் அம்மா.

பதற்றம் நியாயமானதுதான். ஆனால், கரன்ட் போய் வரும்போது முதலில் அடி வாங்குவது பெரும்பாலும் எஸ்எம்பிஎஸ் என்ற மின் பெட்டி. படங்கள் இருப்பதோ ஹார்டு டிஸ்கில். எனவே பெட்டி செத்தாலும் படங்கள் பிழைத்திருக்க வாய்ப்பு அதிகம். பழுது எங்கே என்பதைப் படிப்படியாகக் கண்டுபிடிக்கலாம்.

சத்தமே இல்லையா?

முதலில், அதே பிளக் பாயின்ட்டில் மொபைல் சார்ஜரைச் செருகி, கரன்ட் வருகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு யுபிஎஸ், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் எதுவும் இல்லாமல் கம்ப்யூட்டரை நேரடியாகச் சுவரில் இணைக்க வேண்டும். யுபிஎஸ் மட்டுமே பழுதாகியிருந்தால் இதிலேயே தெரிந்துவிடும்.

அப்போதும் அசையவில்லையா? பவர் கேபிளைப் பிடுங்கிவிட்டு, முன்பக்க பட்டனை 30 விநாடி அழுத்திப் பிடிக்க வேண்டும். உள்ளே மிச்சமிருக்கும் மின்சாரம் வடிந்துவிடும். திடீர் மின்னழுத்தத்தில் சில எஸ்எம்பிஎஸ்கள் தற்காப்புக்காகத் தங்களையே பூட்டிக்கொள்ளும்; அந்தப் பூட்டு இப்படித் திறப்பதுண்டு. சில நிமிடம் கழித்து மறுபடி இணைத்துப் பார்க்கலாம்.

பழைய எஸ்எம்பிஎஸ் சிலவற்றின் பின்னால் 115/230 என்று சின்ன ஸ்விட்ச் இருக்கும். நம் ஊரில் அது 230-ல்தான் இருக்க வேண்டும். விளையாட்டாகக்கூட அதைத் தள்ளக் கூடாது. கருகிய வாடை வந்தால் சோதனையை அங்கேயே நிறுத்திவிட வேண்டும். எஸ்எம்பிஎஸ் பெட்டியைத் திறக்கவே கூடாது. பிளக்கை எடுத்த பிறகும் உள்ளே ஷாக் அடிக்கும் அளவுக்கு மின்சாரம் தங்கியிருக்கும். அதை மெக்கானிக்கிடம் விட்டுவிடுவதே நல்லது.

ஃபேன் சுற்றுகிறது, திரை இருட்டு!

மானிட்டரில் விளக்கு எரிகிறதா, கேபிள் தளர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அது சரியென்றால், அடுத்த சந்தேகம் ரேம் மீது. பிளக்கை எடுத்துவிட்டு, கேபினெட்டின் உலோகப் பகுதியைத் தொட்டு உடம்பில் இருக்கும் நிலைமின்சாரத்தைப் போக்கிவிட்டு, ரேமைக் கழற்ற வேண்டும். அதன் பொன்னிறப் பட்டைகளைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் துடைத்து, 'க்ளிக்' என்று சத்தம் வரும்வரை அழுத்திப் பொருத்தினால், பல பழைய கம்ப்யூட்டர்கள் கண் விழித்துவிடும்.

தேதி பின்னால் போய்விட்டதா?

திரையில் எழுத்துகள் வந்து, எஃப்1 அழுத்தச் சொல்லி நிற்கிறதா? தேதியும் பல வருடம் பின்னால் காட்டுகிறதா? அப்படியென்றால் மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 என்ற காசு வடிவ பேட்டரி தீர்ந்திருக்கலாம். பிளக்கில் கரன்ட் இருக்கும்வரை இந்தக் குறை வெளியே தெரியாது. கரன்ட் போன அன்றுதான் தெரியும். வாட்ச் கடையிலும் கிடைக்கும் 3 வோல்ட் பேட்டரிதான். மாற்றியதும் தேதியைச் சரிசெய்ய வேண்டும். பழைய பேட்டரியைக் குழந்தைகள் கையில் எட்டவிடக் கூடாது. விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

விண்டோஸ் மட்டும் வரவில்லையா?

எழுதிக்கொண்டிருக்கும்போதே கரன்ட் போனதால் ஃபைல்கள் குலைந்திருக்கலாம். 'ஸ்டார்ட்அப் ரிப்பேர்' என்று திரை கேட்டால் அதற்கு அனுமதி கொடுக்கலாம். ஆனால், 'ஃபார்மேட் செய்யவா?' என்று கேட்டால் 'வேண்டாம்' என்பதே பதில். கடைக்காரரிடமும் "டேட்டாவை எடுக்காம ஃபார்மேட் பண்ணாதீங்க" என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

ஹார்டு டிஸ்கில் 'டக்... டக்...' என்று சத்தம் கேட்டால் மறுபடி மறுபடி ஆன் செய்யக் கூடாது. ஒவ்வொரு முறையும் சேதம் கூடலாம். டேட்டா மீட்பவரிடம் கொடுத்துவிட வேண்டும். சத்தம் இல்லையென்றால், டிஸ்கைத் தனியே கழற்றி, யுஎஸ்பி அடாப்டர் மூலம் வேறு கம்ப்யூட்டரில் இணைத்துப் படங்களை எடுத்துவிடலாம். டெஸ்க்டாப்பின் பெரிய டிஸ்குக்குத் தனி மின் இணைப்புள்ள அடாப்டராகப் பார்த்து வாங்க வேண்டும்.

அடுத்த மழைக்கு முன்...

கரன்ட் போனதும் சுவர் ஸ்விட்சை அணைத்துவிட்டு, பிளக்கையும் எடுத்துவிட வேண்டும். கரன்ட் வந்து சில நிமிடம் நிலையாக நின்ற பிறகே செருக வேண்டும். யுபிஎஸ் இருந்தாலும் அதன் பேட்டரி சில வருடங்களில் பலவீனமாகிவிடும். வேலைகளை சேவ் செய்துவிட்டு, யுபிஎஸ்ஸின் பிளக் பாயின்ட்டை அணைத்தால் எத்தனை நிமிடம் தாங்குகிறது என்று தெரிந்துவிடும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, படங்களை இன்னொரு இடத்திலும் காப்பி எடுத்து வைக்க வேண்டும். எஸ்எம்பிஎஸ்ஸைக் கடையில் வாங்கிக்கொள்ளலாம். தாத்தாவின் குரலை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.