குழந்தைக்கு வேர்க்கடலையும் கொட்டைகளும்: எப்போது, எப்படி?

"எட்டு மாதக் குழந்தைக்கு வேர்க்கடலை கொடுக்கலாமா?" எங்கள் குழந்தைநலப் பிரிவில் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. இதன் பின்னால் இரண்டு அச்சங்கள் உள்ளன. ஒன்று ஒவ்வாமை, மற்றொன்று மூச்சடைப்பு. இவ்விரண்டையும் பிரித்துப் புரிந்துகொண்டால் விடை எளிதாகும்.

தாமதம் காப்பதில்லை

ஒவ்வாமை வாய்ப்பு மிகுந்த குழந்தைகளுக்கு மூன்று வயது வரை வேர்க்கடலை வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர் சங்கம் 2000ஆம் ஆண்டில் அறிவுறுத்தியது. அதற்குப் போதிய சான்று இல்லாமையால் 2008இல் அந்நிலை கைவிடப்பட்டது. பின்னர் இலண்டனில், கடுமையான கரப்பானோ முட்டை ஒவ்வாமையோ கொண்ட 640 கைக்குழந்தைகளிடம் ஆய்வு நடத்தப்பட்டது. ஒரு பிரிவினர் ஐந்து வயது வரை வேர்க்கடலையைத் தவிர்த்தனர்; மறு பிரிவினர் தொடர்ந்து உண்டனர். 2015இல் வெளியான முடிவின்படி, தவிர்த்தவர்களில் சுமார் 17 விழுக்காட்டினருக்கும், உண்டவர்களில் சுமார் 3 விழுக்காட்டினருக்கும் மட்டுமே வேர்க்கடலை ஒவ்வாமை ஏற்பட்டது. குடல் வழியே முதலில் அறிமுகமாகும் உணவை உடல் ஏற்கப் பழகுகிறது. கரப்பானால் வெடித்த தோல் வழியே நுழையும்போது அதையே பகையாகக் கொள்கிறது.

எனவே ஆறு மாதம் நிறைந்து, கஞ்சி, பருப்புச்சாதம் போன்றவற்றுக்குக் குழந்தை பழகிய பின் தொடங்கலாம். கடுமையான கரப்பான் அல்லது முட்டை ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு மட்டும், தொடங்கும் முன் மருத்துவரை அணுகுங்கள். பரிசோதனை தேவையா என்பதை அவர் முடிவு செய்வார்.

கொடுக்கும் முறை

• குழந்தை நலமாக உள்ள நாளில், பகல் வேளையில், வீட்டில் கொடுங்கள்.

• வறுத்துத் தோல் நீக்கிய கடலையை நன்கு விழுதாக அரைத்து, கஞ்சியிலோ மசித்த வாழைப்பழத்திலோ நீர்க்கக் கலக்குங்கள். பூஞ்சை பிடித்த, சுருங்கிய, கசக்கும் கடலையை நீக்கிவிடுங்கள்.

• முதலில் கரண்டி நுனியளவு கொடுத்துப் பத்து நிமிடம் காத்திருங்கள். மாற்றம் இல்லையெனில் மீதியை மெல்ல ஊட்டி, இரண்டு மணி நேரம் கவனியுங்கள்.

• முந்திரி, பாதாம், பிஸ்தா ஆகியவற்றை மூன்று நாள் இடைவெளியில் ஒவ்வொன்றாகத் தொடங்குங்கள். பல கொட்டைகள் கலந்த சத்துமாவை முதல் அறிமுகமாகக் கொடுத்தால், ஒவ்வாமை எதனால் வந்தது என்று அறிய இயலாது.

• ஒத்துக்கொண்ட பின் நிறுத்திவிடாதீர்கள். வாரம் இருமுறையேனும் உணவில் தொடரட்டும்.

முழுக் கடலை கூடாது

ஐந்து வயது வரை முழுக் கொட்டைகளோ உடைத்த துண்டுகளோ வேண்டாம். கடலை மிட்டாய்க்கும் இது பொருந்தும். கடைவாய்ப் பற்கள் முழுமையாக முளைக்காத குழந்தையால் இவற்றை அரைத்து விழுங்க முடியாது. சிரிக்கும்போதோ அழும்போதோ அவை மூச்சுக்குழாய்க்குள் போய்விடலாம். கட்டியான கடலை விழுதைக் கரண்டியோடு ஊட்டுவதும் ஆபத்தே.

கடலை தின்னும்போது திடீரென இருமித் திணறிய குழந்தை பிறகு அமைதியானாலும், அன்றே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். மூச்சுக்குழாயில் தங்கிய கடலை எக்ஸ்ரே படத்தில் தெரியாமல் போகலாம். ஆகவே நிகழ்ந்ததை மருத்துவரிடம் தவறாமல் சொல்லுங்கள்.

எப்போது விரைய வேண்டும்?

வாயைச் சுற்றித் தடிப்பு, உதடு வீக்கம், வாந்தி ஆகியவை தோன்றினால் உணவை நிறுத்தி மருத்துவரை நாடுங்கள். மூச்சிரைப்பு, குரல் கம்மல், விடாத இருமல், உடல் துவண்டு வெளிறுதல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் உடனே 108ஐ அழையுங்கள். குழந்தையைப் படுத்த நிலையிலேயே வைத்திருங்கள். மூச்சுத்திணறல் இருந்தால் சாய்த்து உட்கார வையுங்கள். இந்நிலையில் உயிர்காக்கும் மருந்து அட்ரீனலின் ஊசியே. வீட்டிலுள்ள ஒவ்வாமை சிரப் அதற்கு ஈடாகாது.

பெரும்பாலான குழந்தைகள் கடலையை எவ்விதத் தொல்லையுமின்றி ஏற்றுக்கொள்கின்றனர். காலத்தே கொடுங்கள், அரைத்துக் கொடுங்கள், அருகிலிருந்து கொடுங்கள்.