ஆர்வமும் ஊழியமும்: இயற்கையிடங்களைப் பேணும் தொண்டு

ஊதியம் கருதாது தாமாக முன்வந்து பணியாற்றுவோரைத் தமிழகத்தார் 'தன்னார்வலர்' என்கின்றனர். சிங்கப்பூரில் அதே பொருளில் 'தொண்டூழியர்' என்னும் சொல் நிலைபெற்றுள்ளது. ஒரு பொருளுக்கு இரு சொற்கள் இருப்பது மொழிக்குப் புதிதன்று. ஆயினும் இவ்விரண்டும் ஒரே பண்பைச் சுட்டவில்லை என்பதை நாம் கருதுதல் வேண்டும்.

'ஆர்வலர்' என்பது திருக்குறளில் அன்புடையாரைக் குறித்து வரும் பழஞ்சொல். அதனோடு 'தன்' சேரும்போது, பிறர் ஏவலின்றித் தன் உள்ளத்து விருப்பத்தால் வருபவர் என்னும் பொருள் கிடைக்கிறது. 'தொண்டூழியர்' என்பதன் பிற்பகுதியாகிய 'ஊழியம்' வேறு வரலாறு உடையது. திருவிதாங்கூரில் மக்களிடமிருந்து கூலியின்றிப் பெறப்பட்ட கட்டாய வேலைக்கும் அதுவே பெயராக இருந்தது. முன்னது விருப்பத்தையும், பின்னது விட்டு விலக இயலாத கடப்பாட்டையும் உணர்த்துகின்றன.

பூங்கா, காடு, நீர்நிலை ஆகியவற்றைப் பேணும் தொண்டிற்கு இவ்விரண்டும் வேண்டும் என்பதே இவ்வுரையின் கருத்து. ஆர்வம் ஒருவரை முதல் நாள் அழைத்து வருகிறது. இருபதாம் நாளும் அவரை அங்கே நிறுத்துவது ஊழியம்.

கல்வெட்டு காட்டும் ஒழுங்கு

நீர்நிலையைப் பேணும் பொறுப்பை முறைப்படுத்திய சான்றுகளுள் உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் தலையாயவை. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 10ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பொறிக்கப்பட்ட அவை, குடவோலை முறையில் வாரியங்களுக்கு உறுப்பினரைத் தேர்ந்த வகையை விவரிக்கின்றன. ஏரி வாரியத்திற்கு 6 பேர். தோட்ட வாரியத்திற்கு 12 பேர். பொறுப்புக் காலம் 360 நாள். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாது போனவர் மீண்டும் தேர்வு பெற இயலாது.

நிலமும் கல்வியும் உடைய சிலருக்கே அவ்வாய்ப்பு இருந்தது என்பதையும் நாம் மறத்தலாகாது. எனினும், ஏரியைக் காக்கக் காலவரையறையும் கணக்கும் இன்றியமையாதவை என்று அச்சபை உணர்ந்திருந்தது.

பிற்காலத்தில் ஏரி, கண்மாய்களின் கரையையும் மதகையும் வரத்துக்காலையும் ஊரார் உழைப்பால் செப்பனிடும் வழக்கம் 'குடிமராமத்து' எனப்பட்டது. 'குடி' தமிழ், செப்பனிடுதலைக் குறிக்கும் 'மராமத்து' அரபு மூலத்தது. 1858ஆம் ஆண்டுச் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம் அவ்வுழைப்பைச் சட்டத்தின்வழிக் கட்டாயமாக்கியது. ஊரார் பொதுக்கடமை அரசின் ஆணையாக மாறியபோது, ஊழியம் எஞ்சியது. ஆர்வத்திற்கு ஆங்கே இடமில்லை.

மூங்கிலாற்றில் நிகழ்ந்தது

ஆர்வமும் ஊழியமும் கூடியபோது விளையும் பயனுக்குச் சிங்கப்பூரிலேயே சான்று உண்டு. தீவின் வடமேற்கில் உள்ள சுங்கை பூலோ, மலாய் மொழியில் 'மூங்கில் ஆறு' எனப் பொருள்படும். கண்டல் மரங்களும் கைவிடப்பட்ட இறால் குளங்களும் நிறைந்த அவ்விடம் 1980களில் வேளாண் தொழில்நுட்பப் பூங்காவிற்கென ஒதுக்கப்பட்டிருந்தது. 1986இல் மலாயா இயற்கைச் சங்கத்தின் சிங்கப்பூர்க் கிளையைச் சேர்ந்த பறவை ஆர்வலர்கள் அங்கே பறவைகள் பெருகியிருப்பதைக் கண்டனர். வலசைப் பருவத்தில் உள்ளான்களும் உப்புக்கொத்திகளும் வடபுலத்திலிருந்து வந்து அச்சேற்றுப் பரப்பில் இரை தேடும்.

கண்டு மகிழ்ந்ததோடு அவர்கள் நின்றிருந்தால் இன்று அவ்விடம் இருந்திராது. அதனைக் காக்க வேண்டும் என அரசுக்கு முறையான கருத்துரு அளித்தனர். 1989இல் 87 ஹெக்டர் நிலம் இயற்கைப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 1993இல் அது மக்களுக்குத் திறக்கப்பட்டது. 2002ஆம் ஆண்டின் முதல் நாளன்று 130 ஹெக்டர் பரப்புடைய இயற்கை வனப்பகுதியாகச் சட்டப் பாதுகாப்புப் பெற்றது. கண்டறிந்ததற்கும் சட்டப் பாதுகாப்பிற்கும் இடையே கழிந்தவை ஏறத்தாழ 16 ஆண்டுகள்.

புலாவ் ஊபின் தீவின் கிழக்குக் கடற்கரையாகிய செக் ஜாவாவின் வரலாறும் இத்தகையதே. நிலமீட்பிற்கு உரியதாக இருந்த அவ்விடத்தில், 2001இல் தொண்டூழியர் பலர் நீர் வற்றும் வேளைகளில் இறங்கி உயிரினங்களைப் பதிவு செய்தனர். 2002 சனவரியில் நிலமீட்புப் பணி ஒத்திவைக்கப்பட்டது. தொண்டு அத்துடன் முடியவில்லை. 2007இன் தொடக்கத்தில், ஜொகூரில் பெய்த பெருமழையின் நன்னீர் கடலில் கலந்து உப்பின் அளவு குறைந்ததால், செக் ஜாவாவில் உயிரினங்கள் பெருமளவில் மடிந்தன. ஓரிடத்தின் வழக்கமான நிலையைத் தொடர்ந்து பார்த்து வருவோரே அதன் இழப்பையும் மீட்சியையும் அளந்து கூற இயலும். ஒரு முறை வந்து செல்வோர்க்கு அது வெறும் சேற்று நிலமாகவே தோன்றும்.

பெயரறிதலும் தொண்டே

தொடர்ந்து பார்ப்பதற்குப் பதிவு வேண்டும். பதிவிற்குத் துல்லியமான பெயர் வேண்டும். இவ்வுண்மையை நாம் சற்று நாணத்துடனேயே கற்றோம். பணி ஓய்வுக்குப் பின்னர், பூங்கா ஒன்றில் பட்டாம்பூச்சிக் கணக்கெடுப்பில் கலந்துகொண்டோம். உடன் வந்த உயர்நிலைப் பள்ளி மாணவி ஒருவர் எட்டு வகைகளை ஆங்கிலத்தில் பெயர் சொல்லி எழுதினார். பின்னர் நம்மை நோக்கி, "ஐயா, இதற்குத் தமிழில் என்ன பெயர்?" என்று வினவினார். தமிழ் மொழியியலில் முனைவர் பட்டம் பெற்ற நமக்குப் 'பட்டாம்பூச்சி' என்பதற்கு மேல் விடை தெரியவில்லை.

வீடு திரும்பித் தேடியபோது, அவர் காட்டியவற்றுள் ஒன்று 'வெந்தய வரியன்' என அறிந்தோம். அதன் சிறகு வெந்தய நிறம் கொண்டது. அதன் புழு எருக்கிலையை உண்டு வளர்வது. சங்கப் பாடல்களில் இடம்பெறும் எருக்கை நாம் வகுப்பில் பலமுறை கற்பித்துள்ளோம். அதனைக் களையென எண்ணிப் பிடுங்கினால் வெந்தய வரியன் முட்டையிட இடமின்றிப் போகும் என்பதை ஒருநாளும் சொன்னதில்லை.

பெயர்க்குழப்பமும் கேடு செய்யும். 'ஆகாயத்தாமரை' என்னும் பெயர் பழைய அகராதிகளில் நீரில் மிதக்கும் ஒரு சிறு செடிக்கு உரியது. இன்றோ, தென்னமெரிக்காவிலிருந்து வந்து ஏரிகளை மூடும் வேறொரு களையையும் மக்கள் அப்பெயராலேயே வழங்குகின்றனர். சிலர் அதனை 'வெங்காயத்தாமரை' எனப் பிரித்தறிவர். ஏரியில் எதனை அகற்றினோம் என்று குறிப்பெழுதுவோர்க்கு இவ்வேறுபாடு சிறிதன்று.

ஆசிரியர்க்கும் மாணவர்க்கும்

சிங்கப்பூரில் தேசியப் பூங்காக் கழகம் பறவை, கொக்கினம், பட்டாம்பூச்சி, தும்பி ஆகியவற்றின் கணக்கெடுப்பிற்குப் பொதுமக்களை அழைக்கிறது. பயிற்சியும் அளிக்கிறது. தமிழ் வகுப்புகள் அப்பணியில் ஒரு பங்கை ஏற்கலாம் என்பது நமது பரிந்துரை.

பள்ளிக்கு அருகிலுள்ள ஒரே ஒரு பூங்காவையோ நீர்நிலையையோ தேர்க. மாதம் ஒரு முறை, அதே பாதையில், அதே வேளையில் நடக்க. கண்டவற்றை நாளும் எண்ணிக்கையும் இட்டு எழுதுக. தமிழ்ப்பெயர் தெரிந்தால் அதனையும், தெரியாவிடில் வண்ணனையையும் குறிக்க. அப்பெயரை வீட்டுப் பெரியவரிடம் கேட்டு வருவது அடுத்த மாதத்திற்கான வேலை. ஓராண்டு கழியும்போது அவ்வேடு ஒரு சிறு சொற்களஞ்சியமாகவும், அவ்விடத்தின் நலக்குறிப்பாகவும் அமையும். அடுத்து வரும் வகுப்பு அதனைத் தொடர்தல் வேண்டும்; தொடராவிடில் பயன் பாதியே.

நம்மிடம் வினவிய மாணவிக்கு அடுத்த மாதக் கணக்கெடுப்பில் விடை கூறினோம். அவர் தம் ஏட்டில் ஆங்கிலப் பெயருக்கு அருகே 'வெந்தய வரியன், 3' என்று எழுதிக்கொண்டார். எஞ்சிய ஏழு பெயர்களை நாம் இன்னும் தேடி வருகிறோம்.