அவசரத்தில் பிறந்த கிண்ணம்: ஃபுகுவோகா ராமென் நடை

ஃபுகுவோகாவில் ஒரு மாலை, வழிகாட்டியோடு போகும் ராமென் சுற்றில் சேர்ந்துகொண்டேன். ஆறு பேர், மூன்று கடைகள், கடைக்கு ஒரு சின்னக் கிண்ணம். நான் வழக்கம்போல நோட்டுப் புத்தகத்தோடு போனேன். முதல் கடையில் கிண்ணம் வந்ததும் குனிந்து எழுத ஆரம்பிச்சேன்: சூப்பின் நிறம், மேலே என்னென்ன இருக்கு, எத்தனை துண்டு இறைச்சி. வழிகாட்டி அம்மா என் பக்கம் சாய்ந்து, "முதல்ல சாப்பிடுங்க, கேள்வியெல்லாம் வெளியில போய்க் கேட்கலாம்" என்றார். நான் கேட்கலை. எழுதி முடித்து வாயில் வைத்தபோது நூடுல்ஸ் ஊறிக் கொழகொழத்துப் போயிருந்தது. பக்கத்தில் இருந்த உள்ளூர்க்காரர் அதற்குள் சாப்பிட்டு, காசு கொடுத்து, எழுந்து போயே போய்விட்டார்.

அன்றைக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் ஹகாதா ராமெனைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டிய முக்கியமான விஷயமே அந்த நாலு நிமிஷத்துக்குள்தான் இருக்கிறது. இது அவசரக்காரர்களுக்காக உருவான சாப்பாடு. அதன் ஒவ்வொரு அங்கத்திலும் அந்த அவசரம் தெரியும்.

முதலில் சூப். டொன்கொட்சு என்றால் பன்றி எலும்பு. எலும்பை மெல்லிய தீயில் வேகவைத்தால் தெளிந்த சாறு கிடைக்கும். பெருந்தீயில் பல மணி நேரம் தளதளவென்று கொதிக்கவிட்டால் எலும்பிலும் சவ்விலும் உள்ள கொலாஜன் ஜெலட்டினாகக் கரையும். கொழுப்போ கொதியின் வேகத்தில் நுண்துளிகளாக உடைந்து நீர் முழுக்கப் பரவும். அந்தத் துளிகள் மறுபடி ஒன்றுசேராமல் ஜெலட்டின் பார்த்துக்கொள்ளும். அவற்றில் ஒளி சிதறுவதால் சூப் பால்போல வெள்ளையாகத் தெரிகிறது. பாலே வெள்ளையாகத் தெரிவதற்கும் காரணம் கிட்டத்தட்ட இதுதான். ஹகாதா சூப்பில் பால் ஊற்றுவார்கள் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களை நானே பார்த்திருக்கேன்.

இந்தச் சூப் பிறந்தது ஃபுகுவோகா நகரத்தில் இல்லை. அதற்குத் தெற்கே உள்ள குருமேயில். அங்கே 1937இல் தொடங்கிய நான்கின் சென்ரியோ என்ற தள்ளுவண்டிக் கடைதான் பன்றி எலும்பு ராமெனின் தொடக்கம் என்பார்கள். அப்போது சூப் இவ்வளவு வெள்ளையாக இல்லை. 1947இல் அதே ஊரில் தொடங்கிய சன்க்யூ என்ற கடையில், அடுப்பில் வைத்த பானையைக் கவனிக்காமல் விட்டதில் சூப் அதிகமாகக் கொதித்து வெள்ளையாகிவிட்டதாகவும், ருசித்துப் பார்த்தால் நன்றாக இருந்ததாகவும் கதை சொல்வார்கள். குருமேயில் இன்னும் ஒரு பழக்கம் உண்டு: பானையை முழுசாகக் காலி செய்யாமல், பழைய சூப்போடு புதுசைச் சேர்த்துக்கொண்டே போவது.

அடுத்தது நூடுல்ஸ். ஃபுகுவோகாவின் மீன் சந்தை 1955இல் நாகஹாமாவுக்கு இடம் மாறியது. விடியும் முன்னே ஏலம். இடையில் ஓடிவந்து சாப்பிட்டுவிட்டு ஓடும் ஆட்களுக்கு நூடுல்ஸ் வேகும்வரை காத்திருக்க நேரம் ஏது? அதனால் கடைக்காரர்கள் நூடுல்ஸை மெல்லிசாக்கினார்கள். மாவில் தண்ணீரையும் குறைவாகவே சேர்த்தார்கள். மெல்லிசாக இருந்தால் ஒரு நிமிஷத்துக்குள் வெந்துவிடும். ஆனால் தண்ணீர் குறைவான மாவு சூப்பில் விழுந்ததும் உறிஞ்ச ஆரம்பித்துவிடும். சீக்கிரம் வேகும், சீக்கிரம் ஊறியும் போகும். நான் ஏமாந்தது இங்கேதான்.

பெரிய பசிக்காரர் என்ன செய்வார்? ஒரே கிண்ணத்தில் நிறையப் போட்டால் பாதி சாப்பிடுவதற்குள் மீதி குழைந்துவிடும். இதற்குக் கண்டுபிடித்த வழிதான் கயேதாமா. கிண்ணத்தில் நூடுல்ஸைக் கொஞ்சமாகத்தான் போடுவார்கள். சூப்பை மிச்சம் வைத்துக்கொண்டு "கயேதாமா!" என்று குரல் கொடுத்தால், புதிதாக வெந்த நூடுல்ஸை அதே கிண்ணத்தில் கொட்டிவிடுவார்கள். நாகஹாமாவில்தான் இது தொடங்கியது என்பது ஊர்ப் பேச்சு. வெந்த தண்ணீரும் சேர்ந்து விழுவதால் சூப் நீர்த்துப்போகும். அதற்காகத்தான் மேசையில் உப்புக் குழம்பு நிறைந்த ஒரு குடுவை. ரெண்டாவது ரவுண்டுக்கு அதிலிருந்து கொஞ்சம் ஊற்றிக்கணும்.

எவ்வளவு வேகணும் என்பதற்கும் தனிச் சொற்கள் இருக்கின்றன. கதா என்றால் கெட்டி. பரிகதா என்றால் ரொம்பக் கெட்டி. ஹரிகனே என்றால் கம்பி! சில நொடி மட்டும் வெந்நீரில் காட்டி எடுப்பது. வெளியூர்க்காரர்கள் வீம்புக்கு ஹரிகனே கேட்பார்களாம். "மாவு வாசம்தான் மிச்சம், கதா போதும்" என்றார் வழிகாட்டி. ரெண்டாவது கடையில் கதா சொன்னேன். பேனாவைச் சட்டைப்பையை விட்டு எடுக்கவே இல்லை. அப்போதுதான் உண்மையில் ஹகாதா ராமென் சாப்பிட்டேன் என்று சொல்லணும்.

மூன்றாவது இடம் ஒரு யாதாய், அதாவது சாயங்காலம் முளைத்து விடியலில் மறையும் தெருக்கடை. 3 மீட்டர் நீளம், 2.5 மீட்டர் அகலம், எட்டு பத்துப் பேர் தோளோடு தோள் உரச உட்காரணும். 1960களில் இந்த ஊரில் நானூறுக்கும் மேல் யாதாய்கள் இருந்தன. இன்று நூறு சொச்சம். தெரு அசுத்தம், நடைபாதை இடைஞ்சல் என்று புகார்கள் வர, இருப்பவர்களின் தலைமுறையோடு முடித்துக்கொள்ளலாம் என்ற கொள்கை 1990களில் வந்தது. வாரிசு இல்லையென்றால் கடை போய்விடும். பிறகு நகராட்சியே மனம் மாறி, 2013இல் யாதாய்களுக்கென்றே ஒரு சட்டம் போட்டு, விண்ணப்பம் வாங்கிப் புது ஆட்களைத் தேர்ந்தெடுக்க ஆரம்பித்தது. அநேகமாக அழிந்தே போயிருந்த நாகஹாமா வரிசையிலும் 2023இல் புதுக் கடைகள் வந்தன.

இதைக் கேட்டபோது எனக்கு ஒரு கேள்வி. மீன் சந்தை ஆட்களின் அவசரத்துக்காக உருவான சாப்பாடு இது. இன்று வரிசையில் நிற்பது பாதிக்குமேல் எங்களைப் போன்ற சுற்றுலாக்காரர்கள். எங்களுக்கு எந்த ஏலமும் காத்திருக்கவில்லை. அப்படியென்றால் இந்த மெல்லிசு நூடுல்ஸ், கயேதாமா எல்லாம் வெறும் வேடிக்கைதானா?

வெளியே வந்ததும் வழிகாட்டியிடமே கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டு, "நீங்க மூணாவது கிண்ணத்தை எவ்வளவு நேரத்துல முடிச்சீங்க?" என்றார். பார்க்கவில்லை. நாலு நிமிஷம் இருக்கலாம். பின்னால் நின்றவர்களுக்காக ஆறு பேருமே சட்டென்று எழுந்துவிட்டிருந்தோம், யாரும் சொல்லாமலே.

முழுப் பதில் ஆகாதுதான். ஆனாலும் அதைவிட நல்ல பதில் எனக்கு இன்னும் கிடைக்கலை. நீங்க போனால் மூன்று விஷயம்: கதா கேளுங்க, சூப்பை மிச்சம் வையுங்க, குறிப்பெல்லாம் வெளியில் வந்து எழுதுங்க.