மீசை வைத்த நாய்

நீலம் போட்டு வெளுத்த முண்டு உடுத்து வாசலில் இறங்குகிறவரின் முழங்காலருகே நாலைந்து கறுப்பு முடி ஒட்டியிருந்தால், அந்த வீட்டில் லாப்ரடார் வளர்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். தமிழ்நாடு-கேரள எல்லையோரக் காரோட்டில் ஒரே முற்றத்தில் தமிழும் மலையாளமும் புழங்கும். வாரியலை எடுத்தவர் எந்த மொழியில் சலித்துக்கொண்டாலும் கேள்வி ஒன்றுதான்: முடி கொட்டாத நாய் என்று ஒன்று கிடையாதா?

நம் தலையிலிருந்தே நாளுக்கு 50 முதல் 100 முடி உதிர்கிறது. ஒவ்வொரு முடியும் வளரும், ஓயும், பிறகு விழும். இந்த மூன்றில் எது நீள்கிறது என்பதில்தான் இனத்துக்கு இனம் வேறுபாடு. லாப்ரடாரின் முடி ஓர் அளவு வளர்ந்ததும் நின்று, வேரில் செருகியபடியே ஓய்ந்திருக்கும். நாளாக ஆக விழும். பூடிலின் முடி நம் தலைமுடியைப் போல வளர்ந்துகொண்டே போகும். அது குறைவாகக் கொட்டும். ஆனால் முடிதிருத்துபவர் இல்லாமல் அதற்கு வாழ்க்கை இல்லை.

லாப்ரடாரின் முன்னோர்கள் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துத் தீவில் குளிர்ந்த கடல்நீரில் நீந்தியவை. மேலே நீர் ஒட்டாத முரட்டு முடி, அடியில் பஞ்சுபோன்ற இன்னொரு முடி என்று அவற்றுக்கு இரட்டைப் போர்வை. பனிக்காலம் முடிந்ததும் அடிப்போர்வையைக் களைய வேண்டும். அதற்கு வேளை வந்துவிட்டது என்று உடலுக்குச் சொல்வது முக்கியமாகப் பகலின் நீளம். அந்தத் தீவில் கோடைப் பகலுக்கும் குளிர்காலப் பகலுக்கும் ஏழு மணி நேரத்துக்கும் மேல் வித்தியாசம். காரோட்டிலோ ஆண்டின் மிக நீண்ட பகலும் மிகக் குறுகிய பகலும் சுமார் ஒரு மணி நேரமே வேறுபடுகின்றன. போதாததற்கு இரவு பத்து மணிவரை வீட்டில் விளக்கு எரிகிறது. போர்வையை எப்போது களைவது என்ற சேதி இங்கே தெளிவாக வருவதில்லை. ஆண்டு முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டுகிறது.

கொட்டுமா, கொட்டாதா என்பதை நாயின் முகத்திலேயே ஓரளவு படிக்கலாம். 2009இல் 80 இனங்களைச் சேர்ந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட நாய்களை ஆராய்ந்தவர்கள், அவற்றின் முடி வகைகளில் பெரும்பகுதி மூன்றே மரபணுக்களின் விளையாட்டு என்று கண்டார்கள். ஒன்று நீளத்துக்கு, ஒன்று சுருளுக்கு. மூன்றாவதான ஆர்ஸ்போ2, மீசைக்கும் அடர்ந்த புருவத்துக்கும். அந்த மரபணுவில் 167 எழுத்துகள் கூடுதலாகச் செருகப்பட்டிருந்தால் நாய்க்கு மீசை முளைக்கிறது. முடி உதிர்வதும் குறைகிறது. ஷ்னாசரும் ஷிட்ஸுவும் மீசைக்காரர்கள். பூடிலுக்கும் மீசை உண்டு, மழித்துவிடுவதால் தெரிவதில்லை. லாப்ரடாருக்கும் பொமரேனியனுக்கும் அது கிடையாது. தாய், தந்தை இருவரில் ஒருவரிடமிருந்து வந்தாலே மீசை வந்துவிடும். ஆனால் உதிர்வைத் தீர்மானிப்பதில் எம்சி5ஆர் என்ற வேறொரு மரபணுவுக்கும் பங்கு இருப்பதால், பூடில் கலப்பு என்று சொல்லி விற்கும் குட்டி கொட்டாது என்பதற்கு உத்தரவாதமில்லை.

தும்மலுக்கும் மூச்சிரைப்புக்கும் பயந்து முடி கொட்டாத நாய்களைத் தேடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒவ்வாமையைத் தருவது முடி அல்ல. நாயின் எச்சிலிலும் தோல்செதிலிலும் உள்ள புரதங்கள். முடி அவற்றைச் சுமக்கும் வண்டி மட்டுமே. 2012இல் நெதர்லாந்தில் அளந்து பார்த்தபோது, ஒவ்வாமை தராதவை என்று பெயரெடுத்த இனங்களின் முடியில் அந்தப் புரதம் மற்ற நாய்களைவிடக் கூடுதலாகவே இருந்தது; அவை வளரும் வீடுகளின் காற்றிலும் அது குறைந்திருக்கவில்லை. 1980களின் இறுதியில் ஆஸ்திரேலியாவின் வாலி கான்ரன், ஹவாயில் வாழ்ந்த பார்வையற்ற பெண் ஒருவருக்காக லாப்ரடாரையும் பூடிலையும் கலந்து வழிகாட்டி நாய் உருவாக்கினார். பெண்ணின் கணவருக்கு ஒவ்வாமை. பிறந்த மூன்று குட்டிகளில் அவருக்கு ஒத்துக்கொண்டது ஒன்றே ஒன்று. ஒரே ஈற்றுக் குட்டிகளே இப்படி வேறுபடும்போது, இனத்தின் பெயரை நம்பிப் பணம் கட்டக் கூடாது. ஒவ்வாமை உள்ளவர் வாங்க நினைக்கும் அதே நாயோடு சில மணி நேரம் இருந்து பார்ப்பதுதான் சோதனை. ஒரு வகைப் புரதம் ஆண் நாயின் சுக்கிலச் சுரப்பியில் மட்டுமே உண்டாவது. அது மட்டும் ஒவ்வாதவருக்குப் பெண் நாய் ஒத்துப்போகக்கூடும்.

சரி, காரோட்டுக்கு எது? இடவப்பாதி மழை, பிறகு துலாமழை, இரண்டுக்கும் நடுவே புழுக்கம். உதிராத முடி எங்கும் போய்விடுவதில்லை. நாயின் மேலேயே சிக்கிச் சடையாகிறது. சடைக்குள் ஈரம் தங்கினால் பூஞ்சையும் சொறியும் வரும். உண்ணி ஒளிந்தால் கண்ணில் படாது. ஷிட்ஸு வாங்கினால் தினமும் சீப்பு, ஆறு வாரத்துக்கு ஒருமுறை கத்தரி என்று கணக்குப் போட்டுக்கொள்ள வேண்டும். வாரியலில் மிச்சமாகும் நேரம் சீப்பில் போய்விடும்.

அடிப்போர்வையே இல்லாத குட்டைமுடி நாய்கள் தென் தமிழ்நாட்டிலேயே உண்டு: ராஜபாளையம், சிப்பிப்பாறை. இந்த வெயிலுக்குப் பழகியவை. ஈரத் துணியால் துடைத்து, வாரத்துக்கு இரண்டு முறை ரப்பர் சீப்பால் நீவினால் போதும். இரண்டுமே வேட்டைக்கு வளர்ந்தவை. ஓட இடம் வேண்டும், ஃபிளாட்டுக்குள் அடைக்கக் கூடாது. ராஜபாளையத்தில் பிறவிச் செவிடு உண்டு என்பதால், குட்டி பார்க்காத பக்கமிருந்து கைதட்டிப் பார்த்து வாங்க வேண்டும். ஓட இடமில்லாத வீட்டுக்குத் தெருவில் பிறந்த நாட்டு நாய்க்குட்டி போதும்.

இவையும் கொட்டத்தான் செய்யும். ராஜபாளையத்தின் முடி வெள்ளை என்பதால், வெள்ளை முண்டில் ஒட்டினாலும் பிறர் கண்ணுக்குத் தெரியாது.